போனில் படித்த ஐசிடி: உங்கள் பிள்ளைகளுக்கு எப்படி இருந்தது?

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் தரம் 10, 11க்கு ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) படிப்பிக்கிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியதும் சூமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் மாறினோம். கணினிப் பாடம்தானே, ஒன்லைனில் சுலபம் என்று பலர் சொன்னார்கள். என் வகுப்பில் அப்படி நடக்கவில்லை.

பெரும்பாலான பிள்ளைகளிடம் இருந்தது அம்மாவின் போன் மட்டும். துவித எண்கள், தருக்கப் படலைகள் இவற்றில் குறையே இல்லை. கொப்பியும் பேனையும் போதும். சிலர் முன்பைவிட நல்ல புள்ளிகூட எடுத்தார்கள். விரிதாளும் (எக்ஸெல் போன்றது) பஸ்கால் என்ற புரோகிராம் மொழியும் வந்தபோதுதான் புள்ளிகள் சரிந்தன. ஒரு மாணவி கூட்டுத்தொகைச் சூத்திரத்தைப் பிழையில்லாமல் எழுதுவாள். அதையே பக்கத்து நிரலுக்குப் பிரதி செய்தால் கல முகவரி (A1, B1 போல) எப்படி மாறும், டொலர் குறி போட்டால் ஏன் மாறாது என்று கேட்டால் பேச்சில்லை. மவுஸால் ஒருநாளும் இழுத்துப் பார்க்காத பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் இந்தப் பாடத்துக்குச் செய்முறைப் பரீட்சை கிடையாது, எழுத்துப் பரீட்சை மட்டும்தான். அதனால் போனே போதும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விரிதாளின் ஒரு பகுதியைத் தந்து கேள்வி கேட்கும்போது, செய்து பார்த்த பிள்ளையும் பாடமாக்கிய பிள்ளையும் உடனே தெரிந்துவிடுவார்கள்.

அப்புறம் சீஆர் கொப்பியில் விரிதாளை வரையச் சொல்லி, சூத்திரம் ஒரு நிரை கீழே போனால் என்ன ஆகும் என்று வொய்ஸில் விளக்கச் சொன்னேன். பஸ்கால் புரோகிராமை எழுதிப் போட்டோ அனுப்புவார்கள். நான் வீட்டில் அதை அப்படியே டைப் செய்து ஓட்டி, வருகிற பிழைச் செய்தியைப் படமாகத் திருப்பி அனுப்புவேன். அரைப்புள்ளி விட்ட இடத்தைத் தாங்களே தேடிப் பிடித்தார்கள். இரவெல்லாம் இழுக்கிற வேலைதான். ஆனால் சூமில் நான் பேசிய எதையும்விட இதுதான் பிள்ளைகளைத் தூக்கிவிட்டது.

மற்ற ஐசிடி ஆசிரியர்கள் என்ன செய்தீர்கள்?

பதில்:

மிஸ், நான் 2021 சாதாரண தர பெட்ச். எங்களுக்குப் பரீட்சை நடந்ததே 2022 மேயில். அதற்கு முன்பு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வெள்ளவத்தையில் மாமா வீட்டில் லெப்டொப் இருந்தது. கரண்ட் வருகிற நேரம் பார்த்துப் போய் விரிதாள் மட்டும் செய்வேன், தியரியை வீட்டில் போனில் பார்த்துக்கொள்வேன். பஸ்காலைக் கடைசிவரை ஓட்டிப் பார்க்கவே கிடைக்கவில்லை. அந்தப் பிழைச் செய்திப் படங்கள் இன்னும் இருந்தால் இங்கே போடுங்கள் மிஸ். தங்கச்சி இப்போது பத்தாம் தரம், அவளிடமும் போன் மட்டும்தான்.