டிரினிடாட் பயணம்: அப்பாவின் மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி வழி சொல்லுங்கள்

வணக்கம். தங்கைக்கு டிசம்பரில் டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிரசவம். அம்மாவையும் அப்பாவையும் சென்னையிலிருந்து நான்தான் அழைத்துப் போகிறேன். இந்தியக் கடவுச்சீட்டுக்கு 90 நாட்கள் வரை விசா தேவையில்லை என்பதால் அந்தக் கவலை இல்லை.

சிக்கல் திரும்பி வரும்போதுதான். டிரினிடாட் மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடிய இடமாகக் கருதப்படுகிறது. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா வருபவர்களை 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். நானும் அம்மாவும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டுக்கொள்வோம். போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும். அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை நோய் வேறு. அறுபதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியால் பக்கவிளைவு அபாயம் அதிகம் என்று எங்கள் மருத்துவர் தயங்குகிறார். பேரப்பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் அப்பா இப்போதே பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டார். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊசி போடக்கூடாது என்று மருத்துவர் தரும் விலக்குக் கடிதத்தோடு சென்னை விமான நிலையத்தில் இறங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஏற்றுக்கொண்டார்களா, தங்கவைத்தார்களா?

இன்னொன்று. பிரசவ லேகியமும் பூண்டு ஊறுகாயும் அம்மா கட்டி வைத்திருக்கிறார். அங்குள்ள சுங்கத்தில் இவற்றை அனுமதிக்கிறார்களா? கறிவேப்பிலையை நானே பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். ராணுவ உடை போன்ற துணிக்கு அங்கே தடை என்பதால் என் மகனின் கால்சட்டையும் வீட்டிலேயே இருக்கும்.

அடுத்த வாரம் டிக்கெட் எடுக்கவேண்டும். அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.