ஆனித் தேரோட்ட நேரலையும் ஒரு வோல்ட் கணக்கும்: வீடியோ சிக்னல் அளவீட்டு அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றுக்காக நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை நேரலை செய்தபோது கண்டதைப் பதிவு செய்கிறேன். பால் (PAL) எனப்படும் அனலாக் தொலைக்காட்சி சிக்னல் முறை வழக்கில் இருந்த காலம் அது. ரதவீதி மாடி ஒன்றில் நிறுத்தியிருந்த கேமராவின் படம் மட்டும் மங்கலாக வந்தது. லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையான ஐரிஸைத் திறக்கச் சொன்னார்கள். திறந்ததும் முகங்கள் தெளிந்தன. ஆனால் வடம் பிடித்தவர்களின் வேட்டிகள் மடிப்பே தெரியாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டன.

அந்தக் கேமராவை மட்டும், சிக்னலின் வோல்ட் அளவை வரைகோடாகக் காட்டும் வேவ்ஃபார்ம் மானிட்டரில் எடுத்துப் பார்த்தேன். பால் முறையில் படம் வரி வரியாக, இடமிருந்து வலமாக வரையப்படும்; ஒரு வரிக்கு 64 மைக்ரோ விநாடி. அதில் ஏறத்தாழ 52 மைக்ரோ விநாடிதான் படம். மீதமுள்ள இடைவெளியில் வரியின் தொடக்கத்தைத் திரைக்கு உணர்த்தும், 4.7 மைக்ரோ விநாடி அகலமுள்ள சிங்க் துடிப்பு கீழ்நோக்கி இறங்கும். கேபிளின் முடிவில் 75 ஓம் மின்தடை (டெர்மினேஷன்) ஒன்று இருக்கும்போது சிங்க் 0.3 வோல்ட்டும், கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை 0.7 வோல்ட்டுமாக மொத்தம் 1 வோல்ட் இருக்க வேண்டும். படம் மங்கினால் எல்லோரும் முதலில் வெள்ளையின் உச்சியைத்தான் பார்ப்பார்கள். நான் சிங்கைப் பார்த்தேன், 0.2 வோல்ட்தான் இருந்தது. வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும், ஐரிஸை முழுவதுமாக மூடினாலும்கூட, சிங்க் மாறாது. ஏனெனில் அது லென்ஸ் வழியாக வருவதன்று, கேமராவின் மின்சுற்றிலேயே பிறப்பது. அதுவே குறைந்திருக்கிறது என்றால் கோளாறு வெளிச்சத்தில் இல்லை, கேபிள் வழியில்தான் இருக்கிறது.

சரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்ததே போதுமான தடயமாக இருந்தது. சிக்னல் உள்ளே வந்து அப்படியே அடுத்த கருவிக்குப் போகும்படி வழியில் லூப் எடுத்திருந்த மானிட்டரில், 75 ஓம் மின்தடையைச் சேர்க்கும் சுவிட்ச் போட்டபடியே கிடந்தது. கேமராக்களை மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கும் மிக்ஸரின் உள்ளீட்டிலும் 75 ஓம் இருந்தது. இரண்டும் பக்க இணைப்பில் சேர்ந்து 37.5 ஓம் ஆகிவிட, 1 வோல்ட் 0.67 வோல்ட்டாகச் சுருங்கியிருந்தது. மானிட்டரின் சுவிட்சை அணைத்ததும் சிங்க் 0.3க்கு ஏறியது; ஐரிஸைப் பழைய நிலைக்கு இறக்கியதும் வேட்டி மடிப்புகள் திரும்பத் தெரிந்தன. இதற்கு நேர்மாறாக, எந்த முனையிலும் டெர்மினேஷன் இல்லாவிட்டால் சிக்னல் ஏறக்குறைய 2 வோல்ட்டாக இரட்டிக்கும் என்பதையும் புதிதாக வருபவர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

பாளையங்கோட்டை அண்ணாச்சி குறிப்பிட்ட, ஒரு வரியின் படத்துக்கான அந்த 52 மைக்ரோ விநாடியை நான் கருவி ஏதுமின்றி, அளவுகோலை மட்டும் வைத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். கொடைக்கானல் ஒளிபரப்பை ஆன்டெனா வைத்துப் பார்த்த நாட்களில், எங்கள் தெருவில் எல்லா வீட்டுத் திரையிலும் உருவத்துக்கு வலப்பக்கம் ஒரு நிழல் விழுந்துகொண்டிருந்தது. மேற்கே நிற்கும் பொதிகை மலையில் மோதித் திரும்பும் அலைதான் காரணம் என்று எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள்.

20 அங்குலத் திரையில் படத்தின் அகலம் சுமார் 40 சென்டிமீட்டர். அதை வரைய 52 மைக்ரோ விநாடி ஆவதால் 1 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 1.3 மைக்ரோ விநாடி. மோதித் திரும்பும் அலை தாமதமாக வருவதால்தான் நிழல் வலப்பக்கம் தள்ளி விழும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் செல்லும். நிழல் 2 சென்டிமீட்டர் தள்ளி விழுந்ததால், அந்த அலை நேர் அலையைவிட 800 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே கூடுதல் தூரம் சுற்றி வந்திருக்கிறது. பல கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலை முகட்டிலிருந்து வந்திருந்தால் நிழல் இவ்வளவு ஒட்டி விழுந்திருக்காது. ஆன்டெனாவுக்கு நேர் பின்னால் தேடினால் பாதித் தூரம், அதாவது 400 மீட்டருக்குள் பார்க்க வேண்டும். அங்கே ஓர் அரிசி ஆலையின் உயரமான தகரக் கூரை நின்றது. ஆன்டெனாவின் பின்பக்கம், பின்னாலிருந்து வரும் அலையைத் தடுக்கும் ரிஃப்ளெக்டர் கம்பிகளைக் கூட்டிக் கட்டியதும் எங்கள் வீட்டுத் திரையில் நிழல் பெருமளவு மங்கிவிட்டது. தெருக்காரர்களுக்கும் அதையே செய்துகொடுத்தேன்.