புது கோல்ஃப் டிரைவர் 3,100 வெள்ளி (மலேசிய ரிங்கிட்): ஃபிட்டிங் செய்து வாங்கலாமா?

பூச்சோங்காரன்

கோல்ஃப் காக்கிகளுக்கு (கூட்டாளிகளுக்கு) வணக்கம். ஒரு முடிவுக்கு வர முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறேன், உங்கள் யோசனை வேண்டும். என் டிரைவர் (முதல் அடிக்கான நீளக் கிளப்) 2014 மாடல், ஆபீஸ் நண்பர் ஒருவர் கைமாற்றியது. லாஃப்ட் (பந்தில் படும் முகம் சாய்ந்திருக்கும் கோணம்) 9 டிகிரி, நீளம் 45.75 அங்குலம், ஷாஃப்டில் (கம்பில்) ‘எஸ்’, அதாவது விறைப்பு ரகம், என்று போட்டிருக்கிறது. எனக்கு வயது 47, ஹேண்டிகேப் (எண் கூடக் கூட ஆட்டம் சுமார்) 21. அடிக்கிற பந்தெல்லாம் வலது பக்கம் வளைந்து, பக்கத்து ஹோலில் ஆடுகிறவர்களுக்குச் சலாம் போடப் போய்விடுகிறது.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடையில் என் ஸ்விங்கை அளந்து அதற்கேற்றபடி புது டிரைவர் கட்டித் தருகிறார்கள். விலை 3,100 வெள்ளி. ஃபிட்டிங்குக்குத் தனியாக 300. வாங்கினால் அதைக் கழித்துக்கொள்வார்களாம். வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை. வாங்கலாமா?

பெர்சிமன் தாத்தா

வேண்டாம் தம்பி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாகிவிடும். ஸ்லைஸ், அதாவது பந்து இப்படி வலதுக்கு வளைவது, எப்படி வருகிறது? கிளப் வருகிற பாதைக்கு அதன் முகம் திறந்து நிற்பதால் வருகிறது. முகத்தைத் திறப்பது உன் கை. காசு வாங்கிக்கொண்டு அந்தக் கையைத் திருத்த எந்தக் கடையாலும் முடியாது.

என் அப்பா ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப்பில் பை தூக்கியவர். அந்தக் காலத்து டிரைவர் தலை பெர்சிமன் மரம், இன்றைய தலையில் பாதிகூட இருக்காது. அதை வைத்துக்கொண்டே நேராக அடித்தவர்களை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். 1979இல் டெய்லர்மேட் எஃகுத் தலையைக் கொண்டுவந்தது, 90களில் டைட்டானியம் வந்தது. அவையெல்லாம் உண்மையான மாற்றங்கள். அதற்கப்புறம் விதி வந்து கதவைச் சாத்திவிட்டது. தலை 460 சி.சி.க்கு மேல் போகக் கூடாது, முகத்தின் துள்ளல் 0.83ஐத் தாண்டக் கூடாது. கம்பெனிகள் அந்த எல்லையைத் தொட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. உன் 2014 டிரைவரும் அங்கேதான் நிற்கிறது. நடு முகத்தில் பட்டால் புதுசும் பழசும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நல்ல கோச்சிடம் ஒரு மணி நேரத்துக்கு 150 வெள்ளி. பத்து வகுப்பு போ, பாதிக் காசு கையில் மிஞ்சும்.

ஷாஃப்ட் பைத்தியம்

ஐயா, கூடம் கோணலா இல்லையா என்று அளந்து பார்ப்பதற்குப் பெயர்தான் ஃபிட்டிங்!

நடு முகத்தில் பட்டால் என்கிறீர்கள். 21 ஹேண்டிகேப்காரருக்கு எத்தனை பந்து நடு முகத்தில் படும்? இந்தப் பத்து வருடமாகக் கம்பெனிகள் உழைத்திருப்பது ஓரத்தில் படுகிற பந்துக்காகத்தான். ஓரத்தில் பட்டாலும் தலை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க எடையைப் பின்னாலும் பக்கங்களுக்கும் தள்ளியிருக்கிறார்கள். 2024இல் டெய்லர்மேட் கியூஐ10 மேக்ஸ், பிங் ஜி430 மேக்ஸ் 10கே இரண்டும் இதைச் சொல்லித்தான் விற்றன. 2014 தலையில் குதிகால் பக்கம் (ஷாஃப்டை ஒட்டிய ஓரம்) பட்டால் 15 யார்டு குறையும் என்றால் இவற்றில் அவ்வளவு குறையாது.

அதைவிட, அண்ணனுடைய கிளப்பின் அளவைப் பாருங்கள். 9 டிகிரி! லாஃப்ட் குறையக் குறைய பின்சுழற்சி குறையும், அதே திறந்த முகத்துக்குப் பந்து இன்னும் அதிகமாகச் சாய்ந்து சுழலும், ஸ்லைஸ் பெரிதாகும். 45.75 அங்குலம் வேறு. தொழில்முறை டூரில் ஆடுகிறவர்களிலேயே பல பேர் 45 அங்குலத்தை ஒட்டித்தான் வைத்துக்கொள்கிறார்கள், நமக்கு எதற்கு அவ்வளவு நீளக் கம்பு?

நம் ஊர் தரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் பனி, மாலையில் மழை, கீழே கௌ கிராஸ் புல். பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும், சில நாள் மண்ணுக்குள்ளேயே புதைந்துவிடும். தாழ்வாக அடித்து உருளவிடுகிற வித்தை ஸ்காட்லாந்து கடற்கரைக்குச் சரி. இங்கே காற்றில் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுதான் தூரம். 9 டிகிரி டிரைவர் கோலாலம்பூரில் இவருக்கு ஆகவே ஆகாது.

பங்சார் அக்கா

தம்பிகளே, இரண்டு கேள்வியை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். ஃபிட்டிங் தேவையா என்பது ஒன்று, புதுக் கிளப் தேவையா என்பது வேறொன்று. இரண்டையும் சேர்த்தே விற்பதுதான் கடைக்கு லாபம்.

நான் போன இடத்தில் முதலில் என் சொந்த டிரைவரையே அடியை அளக்கிற மிஷினில் அடிக்கச் சொன்னார்கள். பார்த்துவிட்டு, தலையை மாற்ற வேண்டாம், ஷாஃப்டை அரை அங்குலம் வெட்டினால் போதும் என்றார்கள். வெட்டினால் தலை லேசானது போல் கையில் தெரியும். அதற்காக அடியில் ஈயத் துண்டு ஒட்டி, புது கிரிப் போட்டு 120 வெள்ளிக்கு முடித்துக்கொடுத்தார்கள்.

‘எஸ்’ (விறைப்பு), ‘ஆர்’ (சாதாரணம்) என்று ஷாஃப்டில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அதற்குப் பொதுவான அளவுகோலே கிடையாது. ஒரு கம்பெனியின் ‘ஆர்’ இன்னொரு கம்பெனியின் ‘எஸ்’ஸை விட விறைப்பாக இருக்கும். டிரைவரின் அடியில் பொறித்திருக்கிற லாஃப்டும் அரை டிகிரி, ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம். அளந்தால்தான் தெரியும்.

பூச்சோங் தம்பி, கடையில் ஒன்று கேளுங்கள்: என் டிரைவரையும் அதே பந்தில், அதே மிஷினில் அடித்துப் பார்ப்பீர்களா? மாட்டோம் என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

பாயான் பாருக்காரர்

பினாங்கிலிருந்து ஒரு வார்த்தை. புக்கிட் ஜம்புல் மேட்டில் ஆடுகிற எங்களுக்கு டிரைவர் என்றாலே பயம், அது வேறு கதை. 3,100 எதற்கு? ஜப்பானிலிருந்து வருகிற செகண்ட் ஹேண்ட் கிளப் விற்கிற கடைகளில் இரண்டு வருடப் பழைய தலை பாதி விலைக்குக் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம், ஜப்பான் சந்தைக்குச் செய்த ‘எஸ்’ ஷாஃப்ட் அமெரிக்க ‘எஸ்’ஸை விட மென்மையாக இருக்கும். அப்புறம், ஆன்லைனில் புதுசு 900 வெள்ளி என்று போட்டிருந்தால் அது போலி. தொடாதீர்கள்.

பெர்சிமன் தாத்தா

பங்சார் அம்மா சொன்னது நியாயம். ஆனால் ஷாஃப்ட் தம்பிக்கு ஒரு கேள்வி. இன்றைக்கு இவன் வெளியிலிருந்து குறுக்கே வெட்டி அடிக்கிறான். அந்த ஸ்விங்குக்கு அளவெடுத்துக் கிளப் கட்டுகிறாய். நாளைக்குக் கோச்சிடம் போய் ஸ்விங் மாறிவிட்டால் அந்தக் கிளப் என்ன ஆகும்? தப்பான ஸ்விங்குக்குச் சரியான கிளப் வாங்கினால், தப்பை விடவே மனசு வராது.

ஷாஃப்ட் பைத்தியம்

நல்ல கேள்வி ஐயா, ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். கிளப் வருகிற பாதை இரண்டு மூன்று டிகிரி மாறினால் ஹோசலை (ஷாஃப்ட் தலையில் சேருகிற கழுத்தை) திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம், அதற்குத்தானே ரென்ச் கொடுக்கிறார்கள். 47 வயதில் ஆளின் உயரமும் கிளப் வேகமும் பெரிதாக மாறப் போவதில்லை. ஷாஃப்டின் நீளமும் எடையும் அதைப் பொறுத்துத்தான். தப்பான கிளப்பை வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனால் கோச் சொல்லிக்கொடுப்பதும் கையில் தங்காது.

பூச்சோங்காரன்

சனிக்கிழமை போய்விட்டு வந்தேன். அக்கா சொன்னபடி கேட்டேன். மூஞ்சியைச் சுளித்தாலும் சரி என்றார்கள். முதலில் பந்தில் ஒயிட்போர்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து அடிக்கச் சொன்னார்கள். முகத்தில் மை ஒட்டிய இடத்தைப் பார்த்தால் எல்லாம் குதிகால் பக்கம், ஷாஃப்டை ஒட்டி. இத்தனை காலமும் நடுவில்தான் படுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்களைத் தருகிறேன், நீங்களே சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

என் டிரைவர்: கிளப் வேகம் மணிக்கு 91 மைல், பந்து வேகம் 128, ஏறுகிற கோணம் 9.8 டிகிரி, பின்சுழற்சி நிமிடத்துக்கு 3,500 சுற்று, கேரி (காற்றில் போகும் தூரம்) 194 யார்டு.

புதுசு, 10.5 டிகிரி, 45 அங்குலம், லேசான ‘ஆர்’ ஷாஃப்ட்: கிளப் வேகம் அதே 91, பந்து வேகம் 132, கோணம் 13.4, பின்சுழற்சி 2,750, கேரி 211.

17 யார்டு! அங்கேயே கார்டை எடுத்து நீட்டியிருப்பேன்.

பெர்சிமன் தாத்தா

எதை முதலில் அடித்தாய்?

பூச்சோங்காரன்

என்னுடையதைத்தான் ஐயா.

பெர்சிமன் தாத்தா

அதுதான் சூட்சுமம். வந்ததும் வராததுமாக, ஏர்கான் அறையில், உடம்பு விறைத்துக் கிடக்கும்போது பழசு. உடம்பு சூடாகிக் கை பழகின பிறகு புதுசு. புதுசு ஜெயிக்காமல் என்ன செய்யும்? கடைசியில் மறுபடியும் உன் டிரைவரை அடித்துப் பார்த்தாயா?

பூச்சோங்காரன்

பார்த்தேன் ஐயா, அதை எழுத வந்தேன், அதற்குள் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். கடைசியில் என்னுடையதே 198 வந்தது. அப்புறம் அந்தப் பையன் ரென்சை எடுத்து என் டிரைவரின் ஹோசலையே 10.5க்குத் திருப்பி, கிரிப்பில் முக்கால் அங்குலம் கீழே பிடித்து அடிக்கச் சொன்னான். 204! நான் இந்த டிரைவர் திரும்பும் என்பதையே மறந்திருந்தேன், நண்பர் ரென்ச் தரவில்லை.

போன வருட மாடல் தலை ஒன்றும் அங்கே இருந்தது. அதே ஷாஃப்டில் 209, விலை 1,950.

ஷாஃப்ட் பைத்தியம்

லாஃப்டைக் கூட்டித் திருப்பினால் முகம் கொஞ்சம் மூடியும் நிற்கும், அதனால் ஸ்லைஸும் குறைந்திருக்கும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் தொடங்கிய பிறகு திருப்பக் கூடாது, விதி.

போன வருட மாடலை நான் மனசார ஆதரிக்கிறேன். டெய்லர்மேட்டில் 2022இல் ஸ்டெல்த், 2023இல் ஸ்டெல்த் 2, 2024இல் கியூஐ10, 2025இல் கியூஐ35 என்று வருடத்துக்கு ஒன்று. டைட்டிலிஸ்ட் போன்ற சில கம்பெனிகள் இரண்டு வருடம் பொறுக்கின்றன. புதுசு வந்த அன்றே பழசின் விலை சரியும்.

பெர்சிமன் தாத்தா

கணக்குப் போடுவோமா? உன் டிரைவரைத் திருப்பினால் 204. 1,950 கொடுத்தால் 209. ஐந்து யார்டு. ஒரு யார்டு 390 வெள்ளி! பூச்சோங்கில் நிலம்கூட அந்தக் கணக்கில் வாங்க மாட்டாய். அந்தப் பையன் இலவசமாகச் செய்து காட்டிய வேலையே உனக்குப் போதும். ஃபிட்டிங்குக்குக் கொடுத்த 300 நல்ல செலவு, அதை ஒத்துக்கொள்கிறேன். மேலே ஒரு காசு வேண்டாம்.

பங்சார் அக்கா

ஐயா கேரியை மட்டும் எண்ணுகிறார். தம்பி, பந்துகள் இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு அகலத்தில் விழுந்தன? அது திரையில் இருந்திருக்குமே.

பூச்சோங்காரன்

இருந்தது அக்கா, போட்டோ எடுத்தேன். என்னுடையது முதலில் 61 யார்டு அகலம். திருப்பிய பிறகு 52. போன வருடத் தலையில் 38.

பங்சார் அக்கா

அப்படியானால் வாங்குவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. இங்கே பாதி கோர்ஸில் ஒரு பக்கம் குளம், மறுபக்கம் வீட்டு வேலி. ஒரு நல்ல பந்து 18, 20 வெள்ளி, அதோடு பெனால்டி வேறு. ஐந்து யார்டுக்காக நானும் 1,950 கொடுக்க மாட்டேன். அகலம் 14 யார்டு குறைகிறது என்றால் யோசிப்பேன்.

ஆனால் ஒரு நிபந்தனை. வேறு ஒரு நாள் போய் மறுபடி அடித்துப் பாருங்கள். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு பந்தை வைத்து அகலத்தை முடிவு செய்ய முடியாது. ஒரே ஒரு மோசமான அடி வந்தால் 38 அப்படியே 50 ஆகிவிடும்.

ஷாஃப்ட் பைத்தியம்

அக்கா சொல்வதை வழிமொழிகிறேன். ஆர்டர் கொடுத்தால் டெலிவரி அன்றைக்கு அளவு நாடா எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு ஒரு கடையில் 45 கேட்டு 45.5 வந்து சேர்ந்தது. ஷாஃப்டின் பெயரையும் எடையையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பரிசோதனையில் அடித்த ஷாஃப்டும் கட்டித் தருகிற ஷாஃப்டும் ஒரே பெயரில் இரண்டு ரகமாக இருக்கும்; கம்பெனியோடு வருகிற சாதா ரகம் ஒன்று, தனியாக விற்கிற ரகம் ஒன்று.

பூச்சோங்காரன்

மறுபடி போனேன். இந்த முறை என்னுடையது 50, போன வருடத் தலை 41. இடைவெளி குறைந்துவிட்டது, ஆனால் மறையவில்லை. பேரம் பேசி 1,800க்கு இறங்கினார்கள், ஃபிட்டிங் காசையும் கழித்தார்கள். ஆர்டர் கொடுத்துவிட்டேன். தாத்தாவின் பேச்சையும் தட்டவில்லை, நாலு வகுப்புக்குப் பணம் கட்டியாகிவிட்டது. வீட்டில் வகுப்பை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

பெர்சிமன் தாத்தா

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால், ஸ்லைஸ் நின்றது எதனால் என்று எப்படித் தெரியும்? நின்றால் இந்த ஷாஃப்ட் தம்பி கிளப்பால்தான் என்று ஊரெல்லாம் சொல்வான்.

ஷாஃப்ட் பைத்தியம்

நிற்காவிட்டால் நீங்கள் சொல்வீர்கள் ஐயா.

பூச்சோங்காரன்

பழைய டிரைவர் யாருக்காவது வேண்டுமா? 250 வெள்ளி. லாஃப்ட் 10.5இல் திருப்பியே இருக்கிறது. முகத்தில் குதிகால் பக்கம் மட்டும் தேய்மானம், நடு முகம் புதுசு மாதிரி. ரென்ச் கிடையாது.

பெர்சிமன் தாத்தா

200 என்றால் நான் எடுத்துக்கொள்கிறேன்.