மெக்கானோ இதழும் கத்தரித்த கூப்பனும்: உறுப்பினர் அனுபவங்கள்

லிவர்பூலில் பணிபுரியும் பொறியாளர்:

பொம்மை நிறுவனங்கள் பிள்ளைகளுக்காக நடத்திய சங்க இதழ்களை நேரில் கண்டவர்கள் எழுதலாம் என்றதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு மழைக்கு ஒதுங்கிய ஒரு பழைய புத்தகக் கடையில், 1930களின் ‘மெக்கானோ மேகசின்’ இதழ்களைச் சேர்த்துத் தைத்த ஒரு தொகுதி கையில் அகப்பட்டது. துளையிட்ட தகட்டுப் பட்டைகளையும் பற்சக்கரங்களையும் போல்ட், நட்டு கொண்டு முடுக்கிப் பாலமும் பளுதூக்கியும் கட்டும் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பெட்டிக்கு ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்றார் என்பதும், அது தயாரான பின்ஸ் சாலைத் தொழிற்சாலை இதே ஊரில் 1979 வரை இயங்கியது என்பதும் எனக்கு முன்பே தெரியும். ஆனால், 1916இல் நான்கு பக்க இலவசத் தாளாகத் தொடங்கிய ஓர் இதழ், பின்னாளில் ஆறு பென்ஸ் கொடுத்து வாங்கும் கனத்த மாத இதழாக வளர்ந்த கதை அன்றுதான் தெரியவந்தது.

விளம்பரப் புத்தகமாகத்தான் இருக்கும் என்று அலட்சியமாகப் புரட்டத் தொடங்கியவன், கடைக்காரர் விளக்கணைக்கும் வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நீராவி எஞ்சின்கள், அணைகள், கப்பல்கள், தபால் தலைச் சேகரிப்பு, வாசகர் போட்டிகள், நகைச்சுவைத் துணுக்குகள் என்று விரிந்த அந்தப் பக்கங்களில், பாலத்தின் வளைவு எப்படிப் பாரத்தைத் தாங்குகிறது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சொல்லும்போது அவனைக் குழந்தையாக எண்ணிக் கொஞ்சவே இல்லை. 1920களின் தொடக்கம் முதல் 1935 வரை ஆசிரியராக இருந்த எலிசன் ஹாக்ஸ் வானியல் நூல்கள் எழுதியவர் என்று பிறகு அறிந்தபோது, அந்த நடையின் காரணம் புரிந்தது. இதைப் படித்து வளர்ந்திருந்தால் கல்லூரியில் இயந்திரவியல் முதலாண்டில் நான் அவ்வளவு திணறியிருக்க மாட்டேன்.

ஒரு தாளில் மட்டும் சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது. விலைப்பட்டியல் கேட்டு அனுப்பும் கூப்பனை யாரோ ஒரு பையன் கத்தரித்திருக்கிறான். அதனால் பின்பக்கத்துக் கட்டுரையில் ஏழெட்டு வரிகள் போய்விட்டன.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை:

முன்னவர் எழுதியதில் ‘பையன்’ என்ற சொல் தற்செயலாக வந்ததன்று என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். பெண்கள் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சிக்காக மெக்கானோ பற்றிக் குறிப்பெடுக்கச் சொன்னார்கள் என்பதால், இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கும் பழைய இதழ்களைப் பல இரவுகள் படித்தேன். 1919இல் தொடங்கிய மெக்கானோ கில்டு என்னும் சங்கத்தின் மூன்று நோக்கங்கள் இதழில் வெளியாகியிருந்தன. ஒவ்வொரு பையனின் வாழ்வையும் ஒளியும் மகிழ்ச்சியும் உள்ளதாக்குவது, பையன்களிடம் வாய்மையையும் முனைப்பையும் வளர்ப்பது, பையன்களைப் படிப்பிலும் பொழுதுபோக்கிலும், குறிப்பாக இயந்திரவியலில் ஊக்குவிப்பது. மூன்றிலும் பையன்களே இருந்தார்கள். முக்கோணச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு கூடிய கிளைச் சங்கங்களின் செய்திகளை வாசிக்க வாசிக்க, எனக்குப் பொறாமையும் கோபமும் சேர்ந்தே வந்தன. ஆயினும் கண்காட்சியில் அந்த இதழ்களின் பிரதிகளைத்தான் ஒட்டினேன். பாடநூலைவிட அவை தெளிவாக இருந்தன.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் 1942இல் இதழின் அளவே பாதியாகச் சுருங்கியது. ஆலை ஆயுத உற்பத்திக்குத் திரும்பி, விற்கப் பொம்மையே அரிதான அந்த நாட்களிலும் இதழ் நிற்கவில்லை. வெறும் விளம்பரம் என்றால் அப்போதே நிறுத்தியிருப்பார்கள் அல்லவா?

நியூ ஜெர்சியில் வளர்ந்த உறுப்பினர்:

ஆசிரியை அம்மா கேட்ட கேள்விக்கு மறுபக்கமும் உண்டு. எங்கள் வீட்டுக்கு 1988இல் வந்தது, வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோ நடத்திய ‘ஃபன் கிளப்’ சங்கத்தின் இலவச இதழ். அண்ணன் வாங்கிய விளையாட்டுக் கருவியின் உத்தரவாத அட்டையை அஞ்சலில் அனுப்பியதால் சங்கத்தில் சேர்ந்துவிட்டோம். அதே ஆண்டு அது ‘நின்டெண்டோ பவர்’ என்னும் சந்தா இதழாக மாறி, 2012 டிசம்பர் வரை வெளிவந்தது. அடுத்த மாதம் எதை வாங்கித் தரும்படி அப்பாவை நச்சரிக்க வேண்டும் என்பதை எங்களுக்குக் கற்பித்ததே அந்த இதழ்தான். ஆனால் ஆங்கிலத்தில் நானாகவே, யாரும் அதட்டாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்த முதல் எழுத்தும் அதன் வரைபடக் குறிப்புகளே என்பதை மறைக்க மாட்டேன்.

லிவர்பூலில் பணிபுரியும் பொறியாளர்:

ஆசிரியை அம்மா சொன்ன இணையப் பிரதியில் அந்தத் தாளைத் தேடிப் பார்த்தேன். கத்தரிக்கப்பட்ட வரிகள் தபால் தலைப் பக்கத்தைச் சேர்ந்தவை. அவற்றைக் கையால் எழுதி, அதே அளவில் வெட்டி, ஓட்டைக்குள் செருகி வைத்திருக்கிறேன்.