புதுப்பிப்பு: இம்போர்ட் வரி சேர்த்ததும் குளோபல் டைப் காணாமல் போனது ஏன்?
டைப்ஸ்கிரிப்ட் திட்டம் ஒன்றில், பிரௌசரின் விண்டோ பொருளை விவரிக்கும் விண்டோ இன்டர்ஃபேஸில் நான் கூடுதலாக அறிவித்திருந்த பண்பு, அந்த அறிவிப்புக் கோப்பின் தலையில் ஓர் இம்போர்ட் வரி எழுதியதும் மற்ற கோப்புகளுக்குத் தெரியாமல் போனதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன், காரணம் பிடிபட்டுவிட்டது. மேல்மட்டத்தில் இம்போர்ட்டோ எக்ஸ்போர்ட்டோ ஒன்றே ஒன்று இருந்தாலும் டைப்ஸ்கிரிப்ட் அக்கோப்பைத் தனி மாட்யூலாக, அதாவது தன் அறிவிப்புகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கோப்பாக, கருதுவதால், என் அறிவிப்பு மூல விண்டோவோடு இணையாமல் கோப்புக்குள்ளேயே ஒடுங்கிவிட்டது. டைப்பை மட்டும் கொண்டுவரும் 'இம்போர்ட் டைப்' என்று எழுதினாலும் இதே கதைதான். அறிவிப்பை, மாட்யூலுக்குள்ளிருந்தே குளோபல் டைப்களை நீட்டிக்க உதவும் 'டிக்ளேர் குளோபல்' தொகுதிக்குள் இட்டதும் பிழை நீங்கியது. பின்னாளில் யாரேனும் அந்த இம்போர்ட்டை நீக்கினால், கோப்பு மாட்யூலாக இல்லாமல் போய், இத்தொகுதியை இங்கே எழுத முடியாது என்ற 2669 எண் பிழை எழும் என்பதால், கோப்பு மாட்யூலாகவே நிலைக்க வெற்று எக்ஸ்போர்ட் ஒன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு டைப் மட்டும் தேவைப்படுவோர், டைப்ஸ்கிரிப்ட் 2.9 பதிப்பில் வந்த, டைப் எழுதும் இடத்திலேயே இம்போர்ட்டைக் குறிக்கும் முறையைக் கையாண்டால் கோப்பு மாட்யூலாக மாறாது.