புதுப்பிப்பு: மகளைத் தனியாக உட்காரவைத்த விவகாரம்

போன வாரம் எழுதியிருந்தேனே, சென்னை–டெல்லி விமானத்தில் எனக்கு 22ஆம் வரிசை, ஆறு வயது மகளுக்கு 14. ஒரே பிஎன்ஆர், அதாவது ஒரே முன்பதிவு. "சேர்ந்து உட்காரணும்னா காசு கட்டுங்க" என்றார்கள் கவுன்ட்டரில். மறுத்தேன். விமானத்தில் ஒரு பயணியிடம் இடம் மாறக் கேட்டதற்கு அவரும் மறுத்துவிட்டார். பிள்ளை வழியெல்லாம் அழுதாள்.

விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசுத் தளமான ஏர்சேவாவில் புகார் கொடுத்தேன். விமான நிறுவனத்தின் முதல் பதில்: "இருக்கை இருப்பைப் பொறுத்தது." விடவில்லை. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பிஎன்ஆரில் வரும் பெற்றோரில் ஒருவருடனாவது இடம் ஒதுக்க வேண்டும் என்று விமானத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2024 ஏப்ரலிலேயே சொன்னதை எடுத்துக்காட்டி மறுபடி எழுதினேன். நேற்று எழுத்துமூலம் மன்னிப்பு கேட்டார்கள்.

இடம் மாற மறுத்த அந்தப் பயணியைப் போன பதிவுக்கான பதில்களில் சிலர் திட்டியிருந்தீர்கள். வேண்டாம். அவர் காசு கொடுத்து வாங்கிய இருக்கை அது, தப்பு நிறுவனத்துடையது.