சான்-ழானிலிருந்து ரொன்செஸ்வாயெஸ் மடத்துக்கு: மேல்வழியா, பள்ளத்தாக்கு வழியா?

குறிஞ்சி_62
பிரான்ஸ் எல்லையில் உள்ள கோட்டை ஊர் சான்-ழான்-பியே-த-போர். அங்கிருந்து பிரனீஸ் மலையைத் தாண்டி ஸ்பெயினின் ரொன்செஸ்வாயெஸ் மடம் வரை நடைப்பயணம், ஏப்ரல் முதல் வாரம். இருவர், அறுபதைத் தாண்டியவர்கள், சமதரையில் 20 கி.மீ. நடப்பார்கள். மலை மேலே போகும் நெப்போலியன் பாதையா, பள்ளத்தாக்கில் போகும் வல்கார்லோஸ் பாதையா?

மேகநடை
நெப்போலியன் பாதைதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மொத்தம் 25 கி.மீ. ஊர் 170 மீட்டர் உயரத்தில், லெபோடெர் கணவாய் 1,430 மீட்டரில். ஆளை வாட்டுவது முதல் 8 கி.மீ. மட்டுமே. ஓரிசோன் தங்குமிடம் வருவதற்குள் 600 மீட்டருக்கு மேல் ஏறியாகிவிடும். அதன் பிறகு புல்வெளி, செம்மறி ஆடு, குதிரை, தலைக்கு மேலே கழுகு. வயதானவர்கள் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம்: ஓரிசோனில் இரவு தங்கல், மறுநாள் மீதி 17 கி.மீ. படுக்கை குறைவு, மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். ஸ்பெயினின் சந்தியாகோ தேவாலயத்துக்கு நூற்றாண்டுகளாக யாத்ரீகர் போன வழி இது. மற்றது லாரி ரோடு.

ஓடைக்கரை
ஜூன் மாதம் கேட்டிருந்தால் நானும் இதையே சொல்வேன். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்தப் பாதையை ஸ்பெயினின் நவார்ரா மாநில அரசு மூடி வைக்கிறது. ஏப்ரல் 1 காலையில் உறைபனி தானாக எழுந்து போய்விடுமா? அதைவிட மோசம் மூடுபனி. திபோ சிலுவை அருகே தார் ரோட்டை விட்டு வலப்பக்கம் புல்வெளியில் ஏற வேண்டும். பத்தடி தூரம் தெரியாதபோது அந்தத் திருப்பம் கண்ணில் படாது. ரோட்டைப் பிடித்தே போனால் வேறு பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த மலையில் உயிரிழப்பு நடந்திருக்கிறது.

வரலாறு பேசுகிறீர்கள் என்பதால்: 12ஆம் நூற்றாண்டு வழிகாட்டி நூல் ஒன்று, மேல்வழியை எட்டு மைல் ஏற்றம், எட்டு மைல் இறக்கம் என்று சொல்லிவிட்டு, மலை ஏற விரும்பாத யாத்ரீகர் பலர் வல்கார்லோஸ் வழியே போகிறார்கள் என்றும் சொல்கிறது. உங்கள் 'லாரி ரோடு'க்கும் அதே வயசுதான்.

மேகநடை
சரி, அந்தப் பட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வல்கார்லோஸ் 'சுலபம்' என்று யாரும் நம்ப வேண்டாம். வல்கார்லோஸ் ஊர் 365 மீட்டர், இபன்யேத்தா கணவாய் 1,057. பாதி தூரம் உலாத்திவிட்டு, கால் களைத்த பிறகு பின்பாதியில் 700 மீட்டர் ஏறச் சொல்கிறது. இடையில் என்-135 நெடுஞ்சாலை, ஒதுங்க இடமில்லாத வளைவுகள். மேல்வழியில் ஸ்பெயின் பக்கம் எண்ணிட்ட கம்பங்கள் உண்டு. அவசர உதவி எண் 112க்கு அழைத்து எண்ணைச் சொன்னால் மீட்புக் குழுவுக்கு இடம் தெரிந்துவிடும். எல்லை தாண்டியதும் இசாந்தோரே என்ற ஒதுங்குகுடிலும் இருக்கிறது.

ஓடைக்கரை
நெடுஞ்சாலைத் துண்டு இருப்பது உண்மை. எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி இடப்பக்கமாக, ஒளிரும் மேலாடை போட்டு, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். பிறகு மஞ்சள் அம்பு காட்டுக்குள் இறக்கிவிடும். அவசரத்தில் அதைத் தவறவிட்டவர்கள்தான் கடைசிவரை ரோட்டிலேயே நடந்துவிட்டுத் திட்டுகிறார்கள். முழங்கால் மக்கர் பண்ணினால் இந்த வழியில் டாக்சி வந்து ஏற்றிக்கொள்ளும். வல்கார்லோஸிலேயே தங்கினால் 12, 12 என்று பிரியும்.

லாடம்
இருவரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மடம் உச்சியில் இல்லை, கணவாய்க்குக் கீழே 950 மீட்டரில் இருக்கிறது. அறுபது வயது முழங்காலைப் பதம் பார்ப்பது லெபோடெருக்குப் பிறகான இறக்கம்தான். நேரே பீச் மரக்காட்டுக்குள் இறங்கும் வழியில் நாலு கி.மீ.க்குள் 480 மீட்டர் சரிவு. நனைந்த சருகுக்கு அடியில் வேர், கல் எதுவும் தெரியாது. வலப்பக்கம் இபன்யேத்தா வழியாகப் போனால் கொஞ்சம் சுற்று, ஆனால் சரிவு தணிவு. மழை பெய்திருந்தால் இதுதான்.

இறங்குமுன் ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். பாதம் முன்னால் சறுக்கி விரல் இடிப்பதால்தான் நகம் கறுக்கிறது. ஊன்றுகோலை ஐந்து முதல் பத்து செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர்: ஓரிசோனுக்குப் பிறகு நம்பி நிரப்பக்கூடிய இடம் எல்லையோர ரோலான் ஊற்று. ஆளுக்கு இரண்டு லிட்டர். வழியில் நிற்கும் உணவு வண்டியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஏப்ரலில் வந்தால் உண்டு.

மேகநடை
சான்-ழானில் சிட்டடெல் தெருவில் யாத்ரீகர் அலுவலகம் இருக்கிறது. வானிலை, பாதை திறப்பு இரண்டும் அங்கே சொல்வார்கள். மூடியிருக்கிறது என்றால் பேச்சே இல்லை. திறந்திருந்து வானம் தெளிந்திருந்தால் காலை ஏழுக்குள் மேலே கிளம்புங்கள்.

ஓடைக்கரை
இதுவரை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு உறுத்துவது ஓரிசோன் முன்பதிவு. பணம் கட்டியாயிற்று, படுக்கை கிடைத்தாயிற்று என்ற ஒரே காரணத்துக்காக மோசமான வானிலையில் ஏறுகிறவர்கள் உண்டு. நடப்பவர்களுக்கு அடைத்த வழியை முன்பதிவு திறந்துவிடாது.

மேகநடை
ஓரிசோன் வரையும் அதற்கு மேலும் தார் ரோடுதான். இரவு தங்கி, காலையில் மேகம் இறங்கியிருந்தால் டாக்சியில் சான்-ழானுக்குத் திரும்பி உங்கள் வல்கார்லோஸ் வழியே போகலாம். நஷ்டம் ஒரு நாள்.

லாடம்
அந்த டாக்சி எண்ணை முதல் நாளே ஊரில் வாங்கி, தாளில் எழுதி வையுங்கள். மேலே சிக்னலை நம்ப முடியாது.